ஓடுகிற ரயிலில் ஒரு பைட்டக்

முலுண்டிலிருந்து என் தங்கை கமலா “உடனே புறப்படவும்” என்று தந்தி கொடுத்திருந்தாள். தந்தி என்றால் எனக்கு முதலில் பயம் வேலை செய்யும், மூளை அப்புறம்தான். செத்தது யார் என்று அதில் இல்லை. ஆகவே யாரும் சாகவில்லை என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, பாளையங்கோட்டையில் நான் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டினேன். ரயில் ஏறியதும் அந்தத் தைரியம் இறங்கிப் போய்விட்டது. பம்பாய் வந்து சேர்வதற்குள் மனசுக்குள்ளேயே தங்கை வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் காரியம் செய்து முடித்திருந்தேன்.

தாதரில் நான் இறங்கவில்லை, இறக்கப்பட்டேன். அங்கிருந்து முலுண்டுக்கு லோக்கல் ரயிலில் ஏறவும் இல்லை, ஏற்றப்பட்டேன். பம்பாயில் இதற்கெல்லாம் நாம் சிரமப்பட வேண்டியதில்லை. வாசலுக்கு நேராக நின்றால் போதும், மற்றதைப் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் சட்டைப் பொத்தான் ஒன்று குர்லாவிலேயே தங்கிவிட்டது.

முலுண்ட் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

“அண்ணே, தாராவியிலேருந்து ஆளுங்க வீடு தேடி வந்துட்டுப் போயிருக்காங்க,” என்றாள் கமலா, ஜன்னலைச் சாத்திக்கொண்டே.

“யாரு?”

“ஒரு பாய் வீட்டம்மா. கூட ஒரு ஐயர்.”

தாராவியைப் பற்றி நம் ஊரில் கேள்விப்பட்டிருந்த கதைகளில் ஐயர் வருவதில்லை. அதனாலேயே பயம் இரட்டிப்பாகியது.

விஷயத்தைக் கமலாவின் மகன் சுந்தர் சொன்னான். கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீஸில் கிளார்க். தினம் காலையில் கல்யாணிலிருந்து வரும் அதே லோக்கல், அதே பெட்டி (பம்பாய்க்காரர்கள் வாயில் ‘டப்பா’), அதே கம்பி. பம்பாயில் இது ஒரு குடித்தனம் மாதிரி. டப்பாவில் ஏறும் முகங்கள் மாறாது. யார் எங்கே உட்காருவது, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் எழுதாத பட்டா. சுந்தரின் டப்பாவில் ஒரு சீட்டாட்டக் கோஷ்டி உண்டு. அதன் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். முழங்கால்களின் மேல் ஒரு ப்ரீஃப்கேஸைப் படுக்க வைத்து, அதன் மேல் சீட்டு வீசுவார்களாம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு காலை, குர்லா தாண்டுகிற நேரத்தில் சுந்தர் பையைத் தடவிப் பார்த்திருக்கிறான். பர்ஸ் இல்லை. பக்கத்தில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றிருக்கிறான், தினமும் பார்க்கிற முகம். சுந்தர் கையை நீட்டி, “இவன்தான்,” என்றான். அவன் செய்தது அவ்வளவுதான். மிச்சத்தை மற்றக் கைகள் செய்தன. அடுத்த ஸ்டேஷனில் அந்த ஆளை இறக்கிப் போலீஸில் ஒப்படைத்துவிட்டு எல்லோரும் ஆபீஸுக்குப் போனார்கள். அந்த ஆள் ராத்திரி முழுக்க உள்ளே இருந்தான்.

பர்ஸ் சாயங்காலம் வீட்டில் இன்னொரு பேண்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

“மறுநாள் காலையிலேயே போய்ப் போலீஸ்ல சொல்லிட்டேன் மாமா. விட்டுட்டாங்க. மேட்டர் குளோஸ்.”

“ரயில்ல சொன்னியா?”

சுந்தர் தலை குனிந்துகொண்டான். ரயிலில் அவன் திருடனைப் பிடித்த வீரன். கேப்டன் அவனைக் கூப்பிட்டு ஜன்னலோரத்தில் இடம் கொடுத்திருந்தார். அந்த லைனில் ஜன்னலோர இடம் என்பது ஆபீஸில் புரமோஷன் கிடைப்பதற்கு மேல். சுந்தர் உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து உட்கார்ந்துகொண்டே இருந்தான்.

வந்த இருவரும் கேஸ் என்று மிரட்டவில்லை, பணம் கேட்கவில்லை. சுந்தர் ஒரு ‘பைட்டக்’குக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, தப்புச் செய்தவனும் அதனால் அடிபட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது. அதை நடத்திவைக்கிறவர்கள் இந்த இருவரும். இதைக் கேட்டுத்தான் கமலா தபாலாபீஸுக்கு ஓடியிருக்கிறாள்.

“நீங்க போய்ப் பேசி முடிச்சிருங்கண்ணே. தாய்மாமன் எதுக்கு இருக்கது?”

தாய்மாமன் இருப்பது மருமகனுக்காகப் பேசத்தான். கல்யாணத்தில் பேசியிருக்கிறேன், பாகப்பிரிவினையில் பேசியிருக்கிறேன். இதற்கும் ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். இளமை, அவசரம், மனித இயல்பு எல்லாம் அதில் இருந்தன. கமலாவுக்கு என்று கொண்டுவந்த அல்வாப் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுநாள் தாராவிக்குப் புறப்பட்டேன். பணத்தை முன்னெச்சரிக்கையாகச் சாக்ஸுக்குள் வைத்திருந்தேன். நடை கொஞ்சம் கோணலாக இருந்தது. வழியில் ஒருவர் கால் வலியா என்று பரிவோடு விசாரித்தார்.

கமலா சொன்ன பாய் வீட்டம்மாவின் பெயர் ரஹ்மத் பீ. அவர் பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. தோல் பைகளுக்கு உள்துணி தைக்கிற இடம். மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் என் இதயம் துடிக்கிற சத்தம் வெளியே கேட்காதது ஒரு வசதி. அந்தம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

“வாங்க அண்ணாச்சி. எந்த ஊரு?”

“பாளையங்கோட்டை.”

“நாங்க மேலப்பாளையம்லா. அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு இம்புட்டு தூரம் வந்து பாத்துக்கிடுதோம். இருங்க, சாப்பிடாமப் போவப்பிடாது.”

ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. வெட்டப்போகிறவர்கள் முதலில் நன்றாகச் சாப்பாடு போடுவார்கள் என்று எங்கோ கேட்ட ஞாபகம். ஆனாலும் நான்காவது ஆப்பத்தை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. பாயா அப்படி.

அல்வாவை நீட்டினேன். அந்தம்மா பிரித்து, தைக்கிற பெண்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்தார். நல்ல சகுனம் என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இளமை என்பது...” என்று ஆரம்பித்தேன்.

“அண்ணாச்சி, அந்தப் பையனத் திருடன்னு நீங்க கை காட்டுனியளா?”

“இல்லை.”

“அடி வாங்குனது நீங்களா?”

“சேச்சே, இல்லை.”

“அப்போ அல்வா சாப்பிடுங்க.”

மூலையில் ஒரு சிரிப்பு. கமலா சொன்ன ஐயர் அங்கேதான் இருந்தார். கணபதி, பாலக்காட்டுக்காரர், வீடு மாட்டுங்காவில். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர்.

“ஓய், இங்கே ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசப்படாது, கேட்டேளா. கோர்ட்டில வக்கீல் பேசுவார், சாட்சி பேசுவான், ஜட்ஜ் பேசுவார். அடிபட்டவன் மட்டும் வராந்தாவில உட்கார்ந்திருப்பான். சர்வீஸ் பூரா அவாளத் தாண்டித்தான் நான் காப்பி குடிக்கப் போவேன்.”

என் பிரசங்கம் தொண்டையிலேயே செத்தது. காரியம் செய்ய ஒருவழியாக ஒரு பிணம் கிடைத்தது.

இன்னொரு வழக்கத்தையும் சொன்னார்கள். தப்பு நடந்த இடத்தில்தான் பைட்டக். பார்த்தவர்கள் முன்னால்தான். குழாயடியில் கை ஓங்கியவன் குழாயடியில், அதே கூட்டத்தின் முன்னால் பதில் சொல்லவேண்டும். மூடிய அறைக்குள் மன்னிப்புக் கேட்டால் அது அறைக்குள்ளேயே கிடக்கும் என்பது ரஹ்மத் பீயின் கட்சி.

“அப்போ இது...?” என்றேன்.

“ரயில்லதான்.”

“ஓடுகிற ரயிலிலா?”

“நின்ன ரயில்லயா அடிச்சாங்க?”

அந்த நேரம் மீரான் உள்ளே வந்தான். சுந்தர் கை காட்டிய ஆள். பை தைக்கிற தொழிலாளி. விக்ரோலியில் வீடு, பக்கத்துப் பட்டறையில் வேலை. ஒல்லியான உடம்பு. வலதுகைக் கட்டைவிரல் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. யாரோ பூட்ஸ் காலால் மிதித்ததாம். அந்த விரலைப் பார்த்த பிறகு ‘மனித இயல்பு’ என்ற வார்த்தையைத் தனியாகக்கூடச் சொல்லிப் பார்க்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பஸ்ஸில், இரண்டு இடத்தில் மாறி வருகிறான். தினமும் பிந்துகிறது.

“என்ன வேணும் தம்பி உனக்கு?” என்றேன்.

“அந்த டப்பாவுல திரும்ப ஏறணும், அண்ணாச்சி. ஏறும்போது ஒருத்தன் கையும் பாக்கெட்டுக்குப் போவப்பிடாது.”

“அவ்வளவுதானா? வேற டப்பாவில் ஏறிக்கொண்டால்...”

“ஏன் ஏறணும்?”

சத்தம் போடவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டான். நான் இன்னொரு துண்டு அல்வா எடுத்துக்கொண்டேன்.

“மருமகன அனுப்புறதுக்கு முந்தி இது எப்படி நடக்குன்னு ஒரு தடவ பாருங்க,” என்று மூன்றாம் நாள் ரஹ்மத் பீ என்னைச் செம்பூருக்கு வரச் சொல்லியிருந்தார். குர்லாவில் மாறவேண்டும் என்றார்கள், மாறினேன். எந்தப் பக்கம் போகிற ரயிலில் என்று மட்டும் கவனிக்கவில்லை. வடாலாவில் இறங்கி, ஒரு வேர்க்கடலைக்காரரிடம் செம்பூர் எங்கே என்று என் ஹிந்தியில் கேட்டேன். அவர் நான் வந்த திசையைக் காட்டி, “அதைப் பார்க்கத்தான் முதுகைத் திருப்பிக்கொண்டு வந்தாயா?” என்றார்.

செம்பூரில் ஒரு காலனி வாசலில் தலையில் மீன்கூடையோடு ஓர் ஆள் நின்று மராத்தியில் கூவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மீன்காரம்மா ஒருத்தி கையை வீசிக்கொண்டு ராணி மாதிரி நின்றாள். அவன் டெம்போ டிரைவர். அவளுடைய கூடையை வண்டியால் இடித்து நசுக்கிவிட்டு நிற்காமல் போனவன். பைட்டக்கில் அவள் கேட்டது: “ஸ்டேஷனிலிருந்து காலனி வரை என் கூடையை நீ சுமக்கவேண்டும், போதும் என்று நான் சொல்லும் வரை.” அவள் இன்னும் சொல்லவில்லை.

“எப்போ சொல்லுவாளாம்?” என்று ரஹ்மத் பீயிடம் கேட்டேன்.

“கேட்டேன் அண்ணாச்சி. அவன் கூவ ஆரம்பிச்ச பொறவு யாவாரம் நல்லா இருக்காம்.”

திரும்பும்போது, அங்கே வந்திருந்த கணபதி என்னை மாட்டுங்காவில் இறக்கிக் காப்பி வாங்கிக் கொடுத்தார். நம் ஊர்க் காப்பியைவிட நன்றாக இருந்தது. அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு, இதெல்லாம் எப்போதும் இப்படி நடக்கிறதா என்று கேட்டேன்.

“நடக்காது ஓய். ஒருத்தன் பைட்டக்கில தேம்பித் தேம்பி அழுதான். மறுநாள் அதே குழாயடி, அதே பொம்மனாட்டி, அதே வசவு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மறுபடி உட்கார்ந்தோம்.” காப்பியை டபராவில் ஆற்றினார். “சண்டையத் தீர்த்துவைக்கறேன்னு பிழைக்கிற தாதா ஒருத்தன் இருக்கான். எங்களால அவனுக்கு வரும்படி குறைச்சல். காலை ஒடிப்பேன்னு ஆள் விட்டான். ரஹ்மத் என்ன சொல்லி அனுப்பினா தெரியுமா? ஒடிச்சா அதுக்கும் ஒரு பைட்டக் உண்டு, வந்து உட்காரணும்னாக்கும்!”

சிரித்தேன். சிரித்தபடியே மேஜைக்கடியில் என் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அன்று மாலை முலுண்டில் கமலா ஒரே பிடிவாதம். “யாரும் கேக்காத விஷயத்த இவன் ஏன் போய்ச் சொல்லணும்? அந்த ரயில்ல பாதிப் பேரு இவன் ஆபீஸ் பக்கம். நாளைக்கு யாரு மதிப்பா?”

நான் வாயைத் திறந்தேன். சுந்தர்தான் பேசினான்.

“அம்மா, தினமும் அந்த ஜன்னல் சீட்ல உக்காரச் சொல்றாங்க. உக்காந்தா விக்ரோலி வருது. அந்த வாசல்ல அவன் இல்லை. எனக்குச் சோறு இறங்கலை. நான் போறேன்.”

நாலாம் நாள் காலை. ரஹ்மத் பீயும் கணபதியும் முலுண்டுக்கே வந்துவிட்டார்கள். ஆண்கள் நிரம்பி வழிகிற டப்பாவில் ரஹ்மத் பீ ஒரு கையில் முக்காட்டையும் மறு கையில் கம்பியையும் பிடித்து ஏறினார். “லேடீஸ் டப்பா அந்தப் பக்கம், அம்மா!” என்று பல குரல்கள்.

“தெரியும்,” என்றார் ஹிந்தியில். “அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை.”

சங்கிலியைப் பிடித்து இழுக்கலாமா என்று மேலே பார்த்தேன், எட்டவில்லை. கேப்டன் பெரிய உடம்பு, நரைத்த மீசை. “வா ஹீரோ!” என்று ஜன்னலோரத்தைத் தட்டிக் காட்டினார். சுந்தர் உட்காரவில்லை.

விக்ரோலி வந்தது. மீரான் ஏறினான். அவன் சொன்னது அப்படியே நடந்தது. டிரில் மாஸ்டர் விசில் அடித்தது மாதிரி டப்பா முழுக்கக் கைகள் பாக்கெட்டுக்குப் போயின. “அந்தத் திருடன்! விட்டுவிட்டார்களா இவனை?” என்று ஒரு குரல்.

சுந்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மீரான் பக்கத்தில் நின்றான். தாய்மாமன் ரத்தம் கொதித்து நான் வாயைத் திறந்தேன். ரஹ்மத் பீயின் செருப்பு என் கட்டைவிரல் மேல் ஏறி நின்றது. அந்த வலியில் நான் போட்ட சத்தத்துக்கு டப்பாவே திரும்பியது. அந்த இடைவெளியில் சுந்தர் ஹிந்தியில் பேசினான்.

“இவர் திருடர் இல்லை. என் பர்ஸ் வீட்டில் இருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லாமல், நீங்கள் கொடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.” பிறகு மீரான் பக்கம் திரும்பித் தமிழில், “தப்பு என்னோடது. உங்களை அடிக்க விட்டுட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன்,” என்றான்.

யாரும் சீட்டு வீசவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் மெதுவாக, “காலரைப் பிடித்து இழுத்தது நான், தம்பி,” என்றார். பின்னாலிருந்து இன்னொருவர் மீரானின் தோளைத் தொட்டார். காட்கோபரில் கூட்டம் இடித்து ஏறி எங்களைத் தீப்பெட்டிக் குச்சி மாதிரி அடுக்கியது. அந்த நெரிசலிலும் மீரான் கேப்டனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முதல் அடி உங்களுடையது,” என்றான் ஹிந்தியில்.

“அதற்கென்ன இப்போது?” என்றார் கேப்டன். “இவன் கை காட்டினான், எல்லோரும் அடித்தார்கள், நானும் அடித்தேன். போலீஸ் விட்டாயிற்று, முடிந்தது. சீட்டைப் போடுங்கப்பா. டேய் ஹீரோ, உனக்கு இனிமேல் இங்கே இடமில்லை.”

“வேண்டாம்,” என்றான் சுந்தர். நான் பம்பாய் வந்த பிறகு அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

சயானில் மீரான் இறங்கினான். “நாளைக்கும் வாரேன்,” என்றான், யாரிடம் என்று இல்லாமல்.

“பாதி ஆச்சு,” என்றார் ரஹ்மத் பீ. என் கால் விரலைப் பற்றி விசாரிக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் எனக்கு அந்த ரயிலில் வேலை இல்லை. ரஹ்மத் பீக்கும் கணபதிக்கும் மாட்டுங்கா மார்க்கெட்டில் வேறொரு பைட்டக். ஆனால் மீரான் தனியாக ஏறுவான் என்று நினைத்தபோது எனக்கு வீட்டில் இட்லி இறங்கவில்லை. சுந்தரோடு புறப்பட்டேன்.

கோஷ்டி சீட்டாடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் வேறு யாரோ. விக்ரோலி பிளாட்பாரத்தில் கூட்டம் அலை மாதிரி எழும்பி வந்தது. மீரான் கம்பியைப் பிடித்து ஏறினான். நான் டப்பாவையே கண்காணித்தேன். ஒரு கையும் அசையவில்லை. கண்ணாடிக்காரர் இரண்டு கையாலும் சீட்டுக்களைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சபாஷ் என்று நினைத்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ இடிக்க, என் வலதுகை கிளம்பிப் போய் என் சட்டைப் பாக்கெட்டை இறுகப் பிடித்தது.

மீரான் பார்த்தான். சுந்தர் பார்த்தான். டப்பாவே பார்த்தது. அந்தப் பாக்கெட்டில் இருந்தது ஒரு சீப்பு. அதிலும் பல் பாதிதான்.

“அண்ணாச்சி,” என்றான் மீரான்.

பயத்துக்கு என்று ஒரு பதவி இருந்தால் நான் அதில் என்றோ ஓய்வு பெற்றிருப்பேன், அவ்வளவு சர்வீஸ். ஆனால் அன்று எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். என் கை மேலேயே. அதை எடுத்து உயரத் தூக்கினேன். என் ஹிந்தியில் பெண்பால் ஆண்பால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். விழட்டும் என்று கத்தினேன்: “தப்பு என்னுடையது! இவர் நல்லவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இந்தக் கை போயிற்று. இவர் மனிதர்களோடு உறவுக்காரன் மாதிரி உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்ட கை இது! மன்னிக்கவேண்டும்!”

டப்பா வெடித்துச் சிரித்தது. கேப்டன் எல்லோரைவிடவும் சத்தமாக, மீசை குலுங்கச் சிரித்தார். மீரானும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்காமலேயே அவர் பக்கம் திரும்பினான்.

“அவர் சொல்லிவிட்டார். நீங்கள்?”

கேப்டனின் சிரிப்பு நின்றது. சீட்டுக்களைப் பார்த்தார். பக்கத்து ஆளை நெருக்கி, பெஞ்சில் கொஞ்சம் இடம் செய்து, “உட்கார்,” என்றார்.

“நான் நிற்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.”

குர்லா போனது. யாரும் சீட்டு வீசவில்லை. கண்ணாடிக்காரர், “கேப்டன், சொல்லிவிடுங்களேன்,” என்று முணுமுணுத்தார். கேப்டன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அங்கே பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

சயான் வந்தது. இறங்குகிறவர்கள் முட்டி மோதி இறங்கினார்கள். மீரான் கம்பியை விட்டு நகரவில்லை.

“தம்பி, உன் பாஸ் சயான் வரைக்கும்தானே?” என்றேன். “டிக்கெட் பரிசோதகர் பிடித்தால்?”

“பிடிக்கட்டும் அண்ணாச்சி.”

ரயில் கிளம்பியது. கேப்டன் இறங்குகிற இடம் வீ.டி., கடைசி ஸ்டேஷன். அதற்கு மேல் ரயில் போகாது. மீரான் கோணல் கட்டைவிரலைக் கம்பியில் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி நின்றான்.